குதிரை டிரெய்லர் தரையில் எதை விரிப்பது? புகாரை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மாதத்துக்கு ஒருவராவது பட்டறை வாசலில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, "அண்ணே, தரைக்கு எதை விரிச்சா நல்லது? மரச்சீவலா, உமியா, வைக்கோலா?" என்று கேட்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "ரப்பர் பாயைக் கடைசியா எப்பத் தூக்கிப் பாத்தீங்க?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. தலையைச் சொறிவார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பால்மரம், அதாவது ரப்பர் மரம், போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த ஊர். ஈப்போ பந்தயத் திடல் பக்கம் என்பதால் அப்பா அங்கே சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை, பார்த்தார். நான் வெல்டிங்குக்கு வந்துவிட்டேன். ஆனாலும் குதிரை என்னை விடவில்லை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை வாங்கிச் சவாரிக்கும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் வைத்திருப்பவர்களின் டிரெய்லர்கள்தான் என்னிடம் வருகின்றன. நேற்று வரைக்கும் ஆடு ஏற்றிக்கொண்டிருந்தவர் இன்று குதிரை இழுக்கிறார். ஆட்டுக்குச் செய்ததையே குதிரைக்கும் செய்கிறார், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் புகார் எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் எந்தப் புகாராக இருந்தாலும் பலகை இற்றுப்போவதைப் பற்றி நடுவில் எழுதியிருப்பதை மட்டும் தவறவிடாதீர்கள்.

வளைவில் கால் வழுக்குகிறது, பின்னால் தடதடவென்று உதைக்கும் சத்தம்

அதிகம் வரும் புகார் இது. வழுக்குகிறது என்றதும் ஆட்கள் செய்வது, இன்னும் இரண்டு மூட்டை சீவலைக் கொட்டுவது. காய்ந்த சீவல் ரப்பருக்கு மேல் தடிமனாகக் கிடந்தால் அதுவே சறுக்குமரம் ஆகிவிடும். வைக்கோல் அதைவிட மோசம். ஏறக்குறைய 450 கிலோ உடம்பை நான்கு குளம்பில் தாங்கி நிற்கும் பிராணிக்குப் பிடி வேண்டும். அந்தப் பிடியைக் கொடுப்பது பாய்தான். விரிப்பின் வேலை ஈரத்தை உறிஞ்சுவது.

ஆகவே முதலில் சோதனை. எல்லாவற்றையும் பெருக்கி வெளியே தள்ளுங்கள். வெறும் பாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வேலைக்குப் போடும் பூட்ஸோடு ஏறி, குதிகாலை ஊன்றி முன்பக்கமாக ஓங்கித் தள்ளுங்கள்.

பூட்ஸ் சறுக்கினால் பாயில்தான் பிழை. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலையும் கல்லுடைக்கும் இடமுமாக இருப்பதால் பழைய கன்வேயர் பெல்ட் மலிவாகக் கிடைக்கும். அதை வெட்டி டிரெய்லரில் போட்டுவிடுகிறார்கள். கல் உரசி உரசி அதன் மேல்பக்கம் வழவழவென்று ஆகியிருக்கும். காய்ந்திருக்கும்போது பிடிப்பது போல இருக்கும், சிறுநீர் பட்டால் வாழைப்பழத் தோல்தான். பால்மரத்தை வைத்துப் பிழைத்த ஊரில் ஒரு நல்ல ரப்பர் பாய்க்கு இத்தனை யோசிக்கிறோமே என்று எனக்கு எப்போதும் தோன்றும். மேல்பக்கம் புள்ளியோ பொரியோ உள்ள பாயாகப் பாருங்கள். கீழ்ப்பக்கம் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். 19 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சதுர மீட்டரே 20 கிலோவுக்கு மேல் கனக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தக் கனம்தான் பாயை இடத்தில் உட்காரவைக்கிறது.

பூட்ஸ் பிடித்து நிற்கிறது, பாயே மொத்தமாக நகர்கிறது என்றால் வெட்டியதில் தவறு. சுவருக்கும் பாய்க்கும் நடுவில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். சுவரோடு இறுக்கமாக உட்காரும்படி மறுபடி வெட்டிப் போடுங்கள். ஆணி அடிக்கவே வேண்டாம். ஆணித் தலை மேலே எழும்பி ஒருநாள் குளம்புக்குள் ஏறும், அதோடு நீங்கள் பாயைத் தூக்கிப் பார்ப்பதும் நின்றுபோகும்.

இரண்டும் சரியாக இருந்தும் குதிரை தடுமாறுகிறதா? நடுத்தடுப்பைப் பாருங்கள். பலகைத் தடுப்பு தரைவரைக்கும் இறங்கியிருந்தால் குதிரையால் காலை அகட்டி நிற்க முடியாது. வளைவில் அது சாயும்போது காலை வெளியே வைத்துத்தான் சமாளிக்கும், வைக்க இடம் இல்லாவிட்டால் சுவரில் ஏறும். நீங்கள் கேட்கும் தடதட சத்தம் அதுதான். தடுப்பின் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டு ரப்பர் தொங்கலாகப் போட்டுவிட்டால் பல குதிரைகள் அன்றைக்கே அடங்கிவிடும்.

கடைசியாக ஓட்டுநர். கோலகங்சார் தாண்டித் தைப்பிங் போகிற வழியில் புக்கிட் பெராபிட் இறக்கம் இருக்கிறதே, அங்கே கடைசி நேரத்தில் பிரேக் மிதிப்பவருக்கு எந்த விரிப்பும் உதவாது. முக்கால் வாளித் தண்ணீரைக் காருக்குள் வைத்து அந்த இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் வெளியே கொட்டினால், பின்னால் நிற்கும் குதிரையும் அதே கதியில்தான் இருந்திருக்கும்.

விரிப்பெல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடுகிறது

உமி போட்டிருக்கிறீர்களா? கிரியானிலோ செக்கிஞ்சானிலோ அரிசி ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது என்று ஏற்றி வந்துவிடுகிறார்கள். கோழிக்கூண்டுக்கு நல்லது. ஓடும் வண்டியில் அது மணி மணியாக உருளும், காற்றில் எழுந்து கண்ணில் விழும், சிறுநீரையும் பெரிதாக உறிஞ்சாது. மரத்தூளை அழுத்திச் செய்யும் குச்சி உருண்டையும் காய்ந்த நிலையில் கோலிகுண்டு மாதிரிதான். தண்ணீர் தெளித்து அது உதிர்ந்து பொங்கிய பிறகுதான் குதிரையை ஏற்றலாம்.

நான் சொல்வது பெரிய செதிலாக உள்ள மரச்சீவல், அதுவும் கொஞ்சம். கொட்டியதும் பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, ஊதினால் பறக்கக் கூடாது.

எவ்வளவு கொஞ்சம்? இங்கிருந்து ஈப்போ போய்த் திரும்ப, நல்ல பாய் இருந்தால் ஒன்றுமே வேண்டாம். கோலாலம்பூர் பக்கம் சுங்கை பீசி வரைக்கும் என்றால் இரண்டு மூன்று அங்குலம். அதையும் தரை முழுக்கப் பரப்பாதீர்கள். பெட்டைக் குதிரை பின்பக்கமாகப் பெய்யும், ஆகவே பின்பாதியில் போடுங்கள். ஆண் குதிரையும் காயடித்த குதிரையும் வயிற்றுக்கடியில் பெய்யும், அதற்கு நடுவில் வேண்டும். பின்னால் மட்டும் குவித்துவிட்டு "சீவல் காஞ்சே கிடக்குது, ஆனா தரை நாறுது" என்று ஒருவர் சொன்னார். அவருடையது ஆண் குதிரை.

எத்தனை மணி நேரம் போனாலும் சிறுநீரே கழிப்பதில்லை

இதற்கு விரிப்புதான் மருந்து. வெறும் ரப்பரில் பெய்தால் காலில் தெறிக்கும், குதிரைக்கு அது பிடிக்காது, அடக்கிக்கொள்ளும். மேலே சொன்ன இடத்தில் இரண்டு அங்குலம் சீவல் போடுங்கள். கொட்டிலில் அது வழக்கமாகப் பெய்த இடத்துச் சீவலை ஒரு கை அள்ளி அதில் கலந்துவிடுங்கள், வாடை கண்டால் தயக்கம் குறையும். அப்படியும் அடக்கினால் வழியில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் ஆடாமல் நிற்கவிடுங்கள். வண்டி ஓடும்போது தன் எடையைச் சமாளிப்பதிலேயே அதன் முழு கவனமும் இருக்கும்.

தண்ணீர் குடித்ததா என்றும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வையாகவே போய்விட்டால் பெய்ய என்ன இருக்கும்? சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் இது டிரெய்லர் பிரச்சினை இல்லை. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இறங்கியதும் இருமல், கண்ணில் நீர், மூக்கில் ஒழுக்கு

இதற்கு மூன்று காரணம் உண்டு. மூன்றும் சேர்ந்தும் வரும்.

முதலாவது தூசி. மர ஆலையில் போய் 'ஹாபுக் காயு' என்று கேட்டால் ரம்பத்தூளைத்தான் அள்ளிப் போடுவார்கள். மாவு மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது இழைப்பு எந்திரத்தில் சுருள் சுருளாக வரும் சீவல், ஒரு பிடியைக் கையில் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அது என்ன மரம் என்பது. நம் பக்கம் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலைகளில் ஓடுவது பெரும்பாலும் பால்மரப் பலகை. பால்மரத்தை அறுத்ததுமே வண்டும் பூஞ்சையும் பிடித்துவிடும் என்பதால் போராக்ஸ் வகை மருந்தில் ஊறவைத்துத்தான் விற்பார்கள். அதே ஆலையில் அழுத்துப்பலகையும் அறுப்பார்கள், அதில் பசை இருக்கும். குதிரை கீழே கிடப்பதை வாயில் போட்டுப் பார்க்கும் பிராணி. ஆகவே தொழிற்சாலைக் குப்பை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். காளான் வளர்ப்பவர்கள் வாங்குவது மருந்து படாத பால்மரத்தூள், ஆனால் அது மாவுத்தூள், காற்றடிக்கும் டிரெய்லருக்கு ஆகாது. வெளிநாட்டுச் சீவல் வாங்கினால் அதில் கறுப்பு வால்நட் மரம் கலக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் சீவலில் நின்றாலே சில மணி நேரத்தில் குளம்புக்குள் வீக்கம் வந்து குதிரை நொண்டும்.

வைக்கோலை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நெல் அறுத்த கையோடு மழை பெய்யும் நாடு இது. வெளியே பொன்னாகத் தெரியும் கட்டைப் பிரித்தால் உள்ளே சாம்பல் பூத்திருக்கும். அந்தப் பூஞ்சைத் தூசியை மூன்று மணி நேரம் மூடிய பெட்டிக்குள் குதிரை இழுத்தால் இருமாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, அமோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது வரும் வாடை அது. நின்றுகொண்டு முகர்ந்து பார்த்துவிட்டு "வாடையே இல்லை" என்று சொல்லாதீர்கள். பாயின் ஓரத்தைத் தூக்கி, முட்டி போட்டு, குதிரை மூக்கு வரும் உயரத்தில் முகருங்கள். கண் எரிந்தால் அதுதான் காரணம். தோட்டத்துப் பழக்கத்தில் உடனே சுண்ணாம்பைத் தூவ வேண்டாம். சுண்ணாம்பு காரம், அமோனியாவும் காரம். தூவினால் வாடை அடங்காது, இன்னும் கிளம்பும். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி அலசுங்கள். குளோரின் ப்ளீச்சைச் சிறுநீர் ஊறிய தரையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலிருந்து வரும் புகை உங்கள் நுரையீரலையே அரித்துவிடும்.

மூன்றாவதுக்கும் விரிப்புக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் மூன்றிலும் ஆபத்தானது இதுதான். தலையை உயரக் கட்டிவைத்துக் கொண்டு போனால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கீழே வடிய வழி இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, தலையைக் கீழே தொங்கவிட விடுங்கள். வலையில் தொங்கும் புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாளைக்குக் காலையிலும் மாலையிலும் காய்ச்சல் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு 38.5 டிகிரியைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. பயணக் காய்ச்சல் அன்றைக்கே தெரியாது, இரண்டாம் நாள் தீனி எடுக்காமல் நிற்கும்போதுதான் தெரியும்.

ஏறும்போது தரையைத் தட்டிப் பார்க்கிறது, ஏற மறுக்கிறது. நடந்தால் எங்கோ 'மெதுக்' என்கிறது

படுக்கை மாற்றலாம் என்று வந்த ஒரு மாமா. கல்யாண வேலைக்குக் குதிரை விடுபவர். "ஒரு மாசமா ஏற மாட்டேங்குதுப்பா, யாரோ கண்ணு வச்சிட்டாங்க," என்றார். டிரெய்லரில் நான்கு அங்குலம் சீவல், அதற்குக் கீழே பாய், பாய்க்குக் கீழே ப்ளைவுட், அதற்கும் கீழேதான் உண்மையான பலகை. வழுக்குகிறது என்று ஒரு அடுக்கு, நாறுகிறது என்று இன்னொரு அடுக்கு.

நான் கார்ட்போர்டு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பழைய ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். நடுப்பலகையில் முனை நின்றது. குறுக்குச் சட்டத்தின் மேல் பலகை உட்காரும் இடத்துக்கு நகர்த்தி அழுத்தினேன். கத்தியை கேக்கில் இறக்குவது போல, பிடிவரைக்கும் போயிற்று. வெளியே இழுத்தபோது கருங்காப்பி மாதிரி ஒரு தண்ணீர் என் முழங்கை வழியாக ஓடியது. மேலே அவர் குதிரையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "என்னப்பா சத்தமே காணோம்?" என்றார்.

"மாமா, உங்க குதிரைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

ஓடும் வண்டியில் பலகை உடைந்து கால் வெளியே போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே இதை ஒழுங்காகச் செய்யுங்கள். பாயை முழுக்க எடுங்கள், ப்ளைவுட் இருந்தால் கழற்றி எறியுங்கள். அது இரண்டு பக்க ஈரத்தையும் சிறைபிடித்து ஏடு ஏடாக உரியும். மேலே பார்ப்பது போதாது, அடியில் படுக்க வேண்டும். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் இரண்டு பக்கமும், ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும், பின்வாசல் ஓரம் முழுக்கவும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை ஒரு புள்ளி மட்டும் வைக்கும். உள்ளே இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது, ஒட்டுப்போட வழியில்லை. சட்டத்தில் துரு செதில் செதிலாக உரிந்தால் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். 'டங்' என்றால் இருக்கிறது, 'டப்' என்றால் இல்லை.

மாற்றுப் பலகைக்கு இந்த நாட்டில் கவலையே கிடையாது. செங்கால் மரம் கிடைத்தால் போடுங்கள், விலை கடிக்கும். குருயிங் போதும். வெளிநாட்டில் லோரித் தளத்துக்கும் டிரெய்லருக்கும் 'அப்பித்தோங்' என்று விற்கும் மரம் நம் குருயிங் இனம்தான். மருந்தேற்றியதாக வாங்குங்கள். வெட்டிய முனைகளுக்கும் போல்ட் ஓட்டைகளுக்கும் மருந்து பூச மறந்தால், இற்றுப்போவது அங்கேதான் தொடங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடைவெளி விடுங்கள், தண்ணீர் இறங்கவும் காற்று ஏறவும்.

அதன் பிறகு பழக்கம் ஒன்றுதான். பயணம் முடிந்த அன்றே ஈரச் சீவலை அள்ளி வெளியே கொட்டி, கழுவி, பாயைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கள் பக்கம் பிற்பகல் ஆனால் மழைதான். மூடிவைத்த டிரெய்லர் ஒரு வாரம் ஆனாலும் காயாது. கூரைக்கடியில் இரண்டு கதவும் திறந்து, ஏறுபலகையை இறக்கி வைத்தால்தான் காற்று ஓடும். மாமாவின் டிரெய்லர் மூன்று நாளில் முடிந்தது. இடையில் ஒரு கல்யாணம் இருந்தது, வேறு வண்டி வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். முணுமுணுத்தார், எடுத்தார்.

அலுமினியத் தரையில் வெள்ளைப் பொடி

அலுமினியம் இற்றுப்போகாது என்று விற்பவர் சொல்லியிருப்பார். மரம் மாதிரி இற்றுப்போகாது, உண்மை. ஆனால் சிறுநீர் பாய்க்கடியில் தேங்கி நின்றால் அரிக்கும். வெள்ளைப் பொடியைத் துடைத்தால் ஊசி குத்திய மாதிரிப் பள்ளம் தெரியும். இரும்பு போல்ட் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் வேகமாக அரிக்கும். பிளாஸ்டிக் வாஷர் போட்டுப் பிரித்துவையுங்கள். சுண்ணாம்பு இங்கே இரட்டைக் கெடுதல், காரம் அலுமினியத்தையே தின்னும். பள்ளம் ஆழமாக இருந்தால் அலுமினியம் வெல்டிங் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள், எல்லா வெல்டருக்கும் அது வராது.

விரிப்பைத் தின்கிறது

வைக்கோல் என்றால் தின்னத்தான் செய்யும். கூடவே தண்ணீரும் குறைவாகக் குடித்தால் வயிறு கட்டிக்கொள்ளும். சீவலுக்கு மாறுங்கள், முன்னால் புல் வலையைக் கட்டுங்கள். சீவலையும் தின்கிறது என்றால் பசி அல்லது சலிப்பு. செம்பனை ஆலையில் கிடைக்கும் குலைநார் (பழம் எடுத்த குலையின் நார்) பற்றியும் கேட்கிறார்கள். ஈரமாக வரும், சூடேறும், ஈ மொய்க்கும், எண்ணெய்ப் பசை வேறு. செடிக்கடியில் போட நல்ல பொருள், அங்கேயே இருக்கட்டும்.

நின்ற இடத்திலேயே காலை உதறுகிறது, வழுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை

தரை சூடா என்று கையை வைத்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற இரும்புத் தரை, பாய் இல்லாவிட்டால், பொறுக்காது. நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி ஆறவைத்து ஏற்றுங்கள்.

சூடு இல்லை என்றால் சீவல் மூட்டையைப் பாருங்கள். கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்த மூட்டையில் எலி கூடு கட்டியிருந்தால் மூட்டையோடு எரித்துவிடுங்கள். எலிச் சிறுநீரில் பரவும் காய்ச்சல் நமக்கும் வரும், குதிரைக்குக் கண்ணைக் கெடுக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எலி இல்லை என்றால் அநேகமாகச் செவ்வெறும்பு. மூட்டையைப் பிரித்து வெயிலில் பரப்பி, குச்சியால் கிளறிவிட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள். இருந்தால் அதற்குள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறிக்கொண்டிருக்கும்.